குல்யாஷ் அடித்த எழுத்து

செப்டம்பர் பிறந்தால் எனக்கு நூலகத்துக்குப் போகவே பிடிக்காது. குளிருக்குப் பயந்து அல்ல. கசாக் நாட்டின் கரிச்சுரங்க ஊரான கரகண்டாவில் பிறந்து அறுபத்தோரு வருடம் கரிப்புகையை மூச்சாக விட்டவளுக்குக் குளிர் ஒரு பொருட்டா? இரண்டாம் மாடிக் கணினி அறையில் இரண்டாம் ஆண்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து இணையப் பாடத்தைத் திறப்பார்கள். ஹெட்போனைக் கொண்டுவர மறந்த கழுதை ஒன்றாவது இருக்கும். அந்த ஒரு கணினியிலிருந்து குல்யாஷின் குரல் கூடம் முழுக்கக் கேட்கும்.

"வணக்கம் பிள்ளைங்களா. நான் குல்யாஷ் அப்பாய். பயப்படாதீங்க, ஆய்வுக் கட்டுரை ஒண்ணும் ஓநாய் இல்ல, கடிச்சுடாது."

அப்பாய் என்றால் எங்கள் மொழியில் அக்கா, டீச்சரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். குல்யாஷ் இங்கே வேலையில் இல்லாமல் போய் மூன்று வருடம் ஆகிறது. அவளைத் துரத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் பல இருக்கின்றன, எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள். நான் ராபிகா. அவளும் நானும் எதிரெதிர் மேசையில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்தோம். அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு விஷயம். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சுரங்கத்தில் விளக்கு கொடுக்கும் அறையில் வேலை பார்த்த ஒருத்தியின் மகள் குல்யாஷ். நீளமான கழுத்து, தடித்த கண்ணாடி, எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. திருமணமாகி நான்கு வருடத்தில் புருஷன் ருஷ்யாப் பக்கம் வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். ஒரே மகன், இப்போது தலைநகரில் கட்டடம் கட்டுகிறான். புத்தகத்தின் ஓரத்தை மடித்த பையன்களை அவள் திட்டுகிற திட்டில் நானே பலமுறை எழுந்து வெளியே போயிருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் வேலைக்கு வந்தாள். அந்த வருடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெப்பக் குழாயில் வெப்பம் வராது, மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் இருவருக்கும் ஒரு பழைய கணினியைக் கொடுத்து, உள்ளூர் வரலாற்றுப் பிரிவின் பதினோராயிரம் நூல் அட்டைகளையும் அதில் ஏற்றச் சொன்னார்கள். கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டு, நான்கு குளிர்காலம் அடித்தோம். நான் வாசிப்பேன், அவள் அடிப்பாள். முக்கால்வாசி அவள் அடித்ததுதான். எனக்குக் குளிரில் விரல் மரத்துப்போகும்.

எங்கள் கசாக் மொழியை ருஷ்ய எழுத்தில் எழுதுகிறோம். அதில் எங்களுக்கென்று கூடுதலாக ஒன்பது எழுத்து உண்டு. அந்தக் கணினிக்கு ருஷ்யம் மட்டும்தான் தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் அல்மாட்டியிலிருந்து எழுத்துரு ஒன்று கொண்டுவந்து போட்டுக் கொடுத்தார். எட்டு எழுத்து ஒழுங்காக விழுந்தது. ஒன்பதாவது, ஒரு குச்சியும் மேலே ஒரு புள்ளியுமாக இருக்கிற குறில் 'இ', வெறும் கட்டமாக விழுந்தது.

"ராபிகா, இது ஒண்ணு மட்டும் மக்கர் பண்ணுதுடி," என்றாள்.

"இங்கிலீஷ் ஐ-யைப் போட்டுத் தொலை," என்றேன். "அதுவும் குச்சி, இதுவும் குச்சி. மேல புள்ளி வேற இருக்கு. எவன் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கப் போறான்?"

"தப்பில்லையா?"

"கை விறைக்குது குல்யாஷ். அடி."

அடித்தாள். எங்கள் மொழியில் புத்தகத்துக்கு 'கிதாப்' என்று பெயர். அதில் அந்த எழுத்து ஒன்று. அறிவு என்பதற்கான சொல்லில் இரண்டு. பதினோராயிரம் அட்டையில் எத்தனை விழுந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு நல்ல கணினிகள் வந்தன, அட்டவணையைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். அதில் தேடினால் இரண்டு குச்சியையும் ஒன்றாகவே பாவித்துப் புத்தகத்தைக் காட்டியது. அதனால் அந்தப் பேச்சே எழவில்லை. நாங்களும் மறந்துவிட்டோம்.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து இன்னொரு கூத்து ஆரம்பித்தது. மாணவர்களின் கட்டுரையைத் திருட்டா என்று பார்க்கும் இயந்திரம் வந்தது. வந்த மறு வருடமே பிள்ளைகள் அதை ஏமாற்றக் கற்றுக்கொண்டார்கள். எவனோ எழுதியதை அப்படியே எடுத்து, நடுநடுவே ருஷ்ய எழுத்துக்குப் பதிலாக அதே உருவமுள்ள ஆங்கில எழுத்தைப் போட்டுவிடுவது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இயந்திரத்துக்கு அது புதுச் சொல், திருட்டே இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிடும். இதைக் கண்டுபிடித்தவள் குல்யாஷ். ஒரு பையனின் கட்டுரையில் கண்ணெதிரே இருக்கிற சொல்லைக் கணினியில் தேடினாள், இல்லை என்றது. அரைமணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அன்றிலிருந்து அது அவளுக்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. "பசிக்குத் திருடறவனைக்கூட மன்னிக்கலாம் ராபிகா. எழுத்தையே கள்ள எழுத்தா மாத்தறவனை என்ன பண்றது?" என்பாள். தேநீரில் பால் ஆடை கட்டுகிற வரை பேசுவாள்.

நோய்க்காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தபோதுதான் இணையப் பாடம் பிறந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர் அத்தனை பேருக்கும் ஆராயவும் எழுதவும் கற்றுக்கொடுக்க வேண்டும், யார் செய்வது? பேராசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவினார்கள். குல்யாஷ் கையைத் தூக்கினாள். அடித்தளப் புத்தகக் கிடங்கில் பன்னிரண்டு பாடம் படம் பிடித்தோம். விளக்கைப் பிடித்தது நான். புத்தகத்தை எப்படித் தேடுவது, எதை நம்புவது, எதை நம்பக் கூடாது, பிறர் சொன்னதைச் சொந்தச் சொல்லில் எப்படிச் சொல்வது, சொன்னவர் பெயரை எங்கே போடுவது என்று வாழ்நாளெல்லாம் சேர்த்துவைத்ததைக் கொட்டினாள். நன்றாகவே இருந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அடிக்குறிப்பு என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டார்கள். அதை நான் மறுக்க மாட்டேன்.

நாலாம் பாடத்தில் அவள் சொன்னாள்: "மேற்கோள் நூல் பட்டியலைக் கையால திரும்ப அடிக்காதீங்க, பிழை வரும். நம்ம நூலக அட்டவணையிலேர்ந்து எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துப் போடுங்க."

ஏழாம் பாடத்தில் சொன்னாள்: "ஒரு எழுத்தை மாத்தினாலும் கண்டுபிடிச்சுடுவேன். அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல."

இரண்டு பாடத்துக்கும் விளக்கு பிடித்தவள் நான். எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

துணைவேந்தருக்கு அடுத்த நிலையில் எர்மெக் கபீதோவிச் என்று ஒருவர் இருந்தார், இப்போதும் இருக்கிறார். நாற்பது வயதுதான் இருக்கும். மாணவனாக இருந்தபோது குல்யாஷிடம் திட்டு வாங்கியவர். குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்கு ஏழாம் பாடம் மிகவும் பிடித்துப்போயிற்று.

"குல்யாஷ் அப்பாய், இங்கிலீஷ் எழுத்து கலந்த சொல்லை மெஷினே எண்ணி, இருபதுக்கு மேல போனா கட்டுரை நேரா ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போயிடற மாதிரி வெச்சிடலாமா?" என்று கேட்டார். "நடுவுல ஆள் பார்த்தா சிபாரிசு வரும், மாமா மச்சான்னு வருவான். மனுஷக் கையே படக் கூடாது."

"அதைத்தான் நானும் பத்து வருஷமா கத்திட்டிருக்கேன்," என்றாள் குல்யாஷ். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

எனக்கு மட்டும் ஏனோ அது சரியாகப் படவில்லை. மனிதக் கை படாத காரியம் என்றால் கெஞ்சுவதற்கும் ஆள் இருக்காது இல்லையா? சொன்னால் 'உனக்கு எப்பவும் அபசகுனம்தான்' என்பாள். சும்மா இருந்துவிட்டேன்.

முதல் பட்டியல் டிசம்பரில் வந்தது. குழு அறையின் கதவில் ஒட்டினார்கள், ஏழு பெயர். அரசு மானியம் ரத்து, ஒரு வருடம் நீக்கம். மானியம் போனால் கிராமத்துப் பிள்ளை திரும்பி வராது என்பது எல்லாருக்கும் தெரியும். அன்று பனிப்புயல். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அந்தத் தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. அடுத்த மே மாதம் ஒன்பது பெயர்.

"குல்யாஷ், எல்லாம் கசாக் பிரிவுப் பிள்ளைங்களாவே இருக்கே. ருஷ்யப் பிரிவுல ஒரு திருடன்கூட இல்லையா?" என்று கேட்டேன்.

"அவனுங்க வேற மாதிரி திருடுவானுங்க. விட்டா மொழிவாரியா இட ஒதுக்கீடு கேப்ப போலிருக்கே."

"அதுல ரெண்டு பேர் நம்ம மேசைக்கு வந்து மணிக்கணக்கா உக்காந்து படிச்சவங்க."

"நல்லவன் மாதிரி உக்காந்திருக்கத் தெரியாதவன் திருடவே முடியாது, போ."

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போன நேரத்தில், ஒன்பது பேரில் ஒருத்தனின் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். இயந்திரம் சிவப்புப் பூசியிருந்த சொற்கள் எல்லாமே கடைசிப் பக்கத்தில், நூல் பட்டியலில் இருந்தன. கட்டுரைக்குள் ஒன்றுகூட இல்லை. கிதாப், கிதாப், கிதாப். அந்தப் புள்ளியை நான் உற்றுப் பார்த்தேன். ருஷ்யத்தில் அந்த எழுத்தே கிடையாது.

எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரல் நுனி வெட்டின கையுறையும், விறைத்த கையும், நான் சொன்ன சொல்லும் அப்படியே முன்னால் வந்து நின்றன. ஒழுங்காகப் படித்து, ஒழுங்காக நூலகத்துக்கு வந்து, அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்த பிள்ளைகளைத்தான் இயந்திரம் பிடித்திருக்கிறது. நூலகத்தின் வாசலையே மிதிக்காதவன் பட்டியலும் போடவில்லை, மாட்டவும் இல்லை.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். எனக்கு ஓய்வூதியத்துக்கு மூன்றரை வருடம் பாக்கி இருந்தது. பதினாறு பிள்ளைகளை நீக்கியாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. நான் கோழை. இதைவிடக் கௌரவமான சொல் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வருடம் செப்டம்பரில் உல்பாலா வந்தாள். அவள் அப்பாவுக்கு வரிசையாகப் பெண்கள், ஐந்தாவது இவள். அடுத்ததாவது பையனாகப் பிறக்கட்டும் என்று ஐந்தாவதற்கு இந்தப் பெயரை வைத்திருந்தார்கள், ஆண்பிள்ளை என்று அர்த்தம். "பையன் பொறந்தானாடி?" என்று குல்யாஷ் கேட்டாள். "ஆறாவதும் பொண்ணு அப்பாய். அதோட வேண்டுதலை நிறுத்திட்டாங்க," என்றாள் உல்பாலா. குல்யாஷுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துவிட்டது. போர்க்காலத்தில் சுரங்கத்தில் வேலை செய்த பெண்களைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னதும் இன்னும் பிடித்தது. குல்யாஷின் அம்மா அந்த விளக்கு அறைக்காரி அல்லவா? அலமாரியிலிருந்து புத்தகத்தைத் தானே எடுத்துக் கொடுத்தாள். மதியம் தன் டப்பாவிலிருந்து பவுர்சாக்கை, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையை, எடுத்து அந்தப் பெண்ணின் வாயில் திணிப்பாள். மூன்று மாதம் அவர்கள் இருவரும் எங்கள் மேசையிலேயே இருந்தார்கள். பட்டியலில் நூல்கள் கூடிக்கொண்டே போயின. இருபது, முப்பது, முப்பத்தெட்டு. ஒவ்வொன்றையும் அவள் அட்டவணையிலிருந்து எடுத்து ஒட்டுவதை நான் என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை எழுந்தேன். அவர்கள் பக்கமாக நாலு அடி நடந்தேன். குல்யாஷ் நிமிர்ந்து, "என்னடி?" என்றாள். "ஒண்ணுமில்ல, ஜன்னல் திறந்திருக்கு போல," என்று சொல்லிவிட்டு, மூடியிருந்த ஜன்னலை மறுபடி மூடிவிட்டு வந்தேன்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலையில் உல்பாலா உள்ளே வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, கண் இமையில் பனி அப்படியே இருந்தது. கையில் இயந்திரத்தின் அறிக்கை. வியாழக்கிழமை குழுவின் முன்னால் வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

குல்யாஷ் வாங்கிப் படித்தாள். அவள் முகம் இறுகியது.

"எழுத்தை மாத்தினியா?"

"இல்ல அப்பாய்."

"நூத்திப் பதினொண்ணுங்குது. மெஷின் பொய் சொல்லுமா?"

"தெரியாது அப்பாய். நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். நாலாம் பாடத்துல சொன்னீங்களே, கையால அடிக்காத, அப்படியே எடுத்துப் போடுன்னு."

"என் மூஞ்சிக்கு நேரா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். சிவப்பு அடித்த 'கிதாப்' மீது விரலை வைத்தாள். பிறகு கணினியில் எங்கள் அட்டவணையைத் திறந்து, ஓர் அட்டையின் அந்த எழுத்தை மட்டும் எடுத்து எங்கேயோ ஒட்டிச் சோதித்தாள். இன்னோர் அட்டை. இன்னோர் அட்டை. உல்பாலாவின் இமையில் இருந்த பனி உருகிக் கன்னத்தில் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நீ போம்மா. க்ளாஸுக்குப் போ. உன்னை எவனும் தொட மாட்டான்," என்றாள் குல்யாஷ். அந்தப் பெண் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"ராபிகா. அந்தக் குச்சி."

நான் மேசையிலிருந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன்.

"பதினாறு பிள்ளைங்கடி. பதினாறு பேர் வயித்துல அடிச்சிருக்கேன். உனக்குத் தெரியுமா இது?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்றேன்.

இருபத்தேழு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தவர்களுக்குப் பொய் எது என்று தெரியாதா? அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. சாம்பல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வா, என்கூட," என்றாள்.

எர்மெக் கபீதோவிச் எழுந்து நின்று வரவேற்றார், தேநீர் வரவழைத்தார். குல்யாஷ் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதை அடிச்சது யாரு?"

"நான்."

"தனியாவா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரிப்பில் ஓரமாக ஒரு தேநீர்க் கறை இருந்தது.

"தனியா," என்றாள் குல்யாஷ்.

"சரி. உக்காருங்க அப்பாய். நான் சொல்றதைக் கோபப்படாம கேளுங்க. பதினாறு பேர் உத்தரவுல துணைவேந்தர் கையெழுத்துப் போட்டாச்சு, அமைச்சகத்துக்கும் போயாச்சு. நம்ம முறையைப் பார்த்து இன்னும் மூணு பல்கலைக்கழகம் கேட்டிருக்கு. இப்ப போய் மெஷின் தப்புன்னு சொன்னா என்ன ஆகும்? அது என்னால ஆகாது. உல்பாலா உத்தரவு இன்னும் போகல. அதை நிறுத்தலாம்."

"எப்படி?"

"மெஷின் சரிதான், எழுத்து மாறினதும் நிஜம்தான். ஆனா மாத்தினது அந்தப் பொண்ணு இல்ல. நீங்க. அவ ஃபைல் உங்க மேசையில இருந்தப்ப நீங்க கையாலயே மாத்தினீங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க."

"நான் எதுக்குய்யா மாத்தணும்? எவனாவது நம்புவானா?"

"தனிப்பட்ட மனஸ்தாபம்னு போடுங்க. அதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க."

குல்யாஷ் சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கவே பயமாக இருந்தது. "பவுர்சாக் ஊட்டின மனஸ்தாபம்," என்றாள்.

"அட்டவணையை மட்டும் யாரும் தொடக் கூடாது," என்றார் அவர், அதே மெல்லிய குரலில். "திருத்தினா தேதியோட பதிவாகும். எதுக்குத் திருத்தினீங்கன்னு ஒருத்தன் கேப்பான். நாளைக்குள்ள முடிவு சொல்லுங்க. வியாழக்கிழமை குழு கூடிடுச்சுன்னா என் கையிலயும் இல்ல."

நடைபாதையில் அவள் ஜன்னலோரம் நின்றாள். வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்குப் பனி வீசிக்கொண்டிருந்தது.

"மொதல்ல இந்தப் பொண்ணைக் காப்பாத்திடறேன்," என்றாள். "வெளியே போய் அந்தப் பதினாறு பேருக்காக எழுதறேன். அமைச்சகத்துக்கு எழுதறேன், பத்திரிகைக்கு எழுதறேன். எழுதத் தெரியாதா எனக்கு?"

"கையெழுத்துப் போடாதடி," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். 'நான் வந்து சொல்கிறேன், நான்தான் அந்த எழுத்தைப் போடச் சொன்னேன்' என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாட்சி இரண்டாகியிருக்கும், அந்த மனிதரால் எங்கள் இருவர் வாயையும் அடைத்திருக்க முடியாது. இன்று நன்றாகத் தெரிகிறது. அன்றும் தெரியும்.

அவள் கையெழுத்துப் போட்டாள். உல்பாலாவின் பெயர் கதவில் ஏறவில்லை. பதினைந்தாம் தேதியோடு குல்யாஷின் வேலை போயிற்று. எதிர்மேசையைக் காலிசெய்தபோது அவளிடமிருந்தது ஒரு கோப்பை, ஒரு சீப்பு, அந்த விரல் நுனி வெட்டின கையுறை. இத்தனை வருடம் வைத்திருக்கிறாள்! அதை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். மறந்து வைத்தாளா, வேண்டுமென்றே வைத்தாளா, எனக்குத் தெரியாது.

சொன்னபடியே எழுதினாள். பதினேழு பக்கம், அடிக்குறிப்போடு, ஆதாரத்தோடு, தன் பாடத்தில் சொன்ன அத்தனை முறையும் பிசகாமல். அமைச்சகத்திலிருந்து நாலு வரியில் பதில் வந்தது. மாணவியின் கோப்பைத் தாமே திருத்தியதாக ஒப்புக்கொண்டு நீக்கப்பட்ட ஊழியரின் புகாரை ஏற்பதற்கில்லை. பத்திரிகைக்காரனும் அவள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகலைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டானாம். எர்மெக் கபீதோவிச் அன்று கேட்டது ஒரு பெண்ணின் விவகாரத்தை முடிக்கும் கையெழுத்து அல்ல. இனி அவள் எதைச் சொன்னாலும் எடுபடாமல் செய்கிற கையெழுத்து. பாவி, தேநீர் கொடுத்து வாங்கினான்.

இப்போது கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றில் பிழை திருத்துகிறாள். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். "நல்லா இருக்கீங்களா ராபிகா?" என்று கேட்டாள். இருபத்தேழு வருடம் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டவள் 'ங்க' போட்டாள். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பாடம் நிற்கவில்லை. அட்டவணையை யாரும் தொடவில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் கதவில் மூன்று பெயர், நாலு பெயர். நான் அந்தப் பக்கம் போகாமல் பின்படி வழியாக வீட்டுக்குப் போகப் பழகிக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் உல்பாலா என் மேசைக்கு வந்தாள். கோடையில் பட்டம் வாங்கினாள், இப்போது மேற்படிப்பு. இணையப் பாடத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலையை அவளுக்கே கொடுத்திருக்கிறார்கள். கையில் ஐந்து அறிக்கை வைத்திருந்தாள்.

"ராபிகா அப்பாய், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். குல்யாஷ் அப்பாய் என் ஃபைல்ல கைவெச்சதா எழுதிக் குடுத்தாங்க இல்ல? மூணு வருஷமா அவங்களை நெனச்சாலே எனக்கு எரியும். கையால ஊட்டிவிட்டுட்டு இப்படிச் செஞ்சாங்களேன்னு. தெருவுல பார்த்தா எதிர்ப் பக்கம் போயிடுவேன். ஒரு தடவை கூப்பிட்டாங்க, திரும்பியே பார்க்கல."

"ம்."

ஐந்து தாளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கம். எல்லாவற்றிலும் அதே சிவப்பு, அதே கிதாப்.

"அவங்க போய் மூணு வருஷம் ஆகுதே அப்பாய். அப்ப இந்த அஞ்சு பேர் ஃபைல்ல கைவெச்சது யாரு?"

அடுத்த அறையில் எந்தக் கழுதையோ ஹெட்போன் இல்லாமல் ஏழாம் பாடத்தைத் திறந்திருந்தது. ஒரு எழுத்தை மாத்தினாலும் கண்டுபிடிச்சுடுவேன் என்றாள் குல்யாஷ். என் மேசை இழுப்பறையில் அந்தக் கையுறை கிடந்தது. இன்னும் பதினெட்டு நாளில் எனக்கு ஓய்வு.

"நான்தான்," என்றேன். "உக்காரு. சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டமாக விழுந்த எழுத்திலிருந்து, மூடின ஜன்னலை மூடினது வரை. அழுதேன். அந்தப் பெண் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. நான் முடித்ததும் ஐந்து தாளையும் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

"எனக்காக அவங்க போனாங்க. சரி," என்றாள். "மத்தப் பதினாறு பேரு? அதுக்கப்புறம் கதவுல ஏறினவங்க?"

அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"குழு நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கூடுது அப்பாய்," என்றாள். "நான் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். பின்படி வழியா போயிடாதீங்க."